தேடுவோர் கடன்

மரித்தவர்க்குச் செய்ய வேண்டிய கிரியைகளை எல்லா மதங்களும் விதித்திருக்கின்றன. உயிரோடிருப்பவர் நலம் வேண்டிச் செய்யும் பிரார்த்தனைகளுக்கும் எந்த மதத்திலும் குறைவில்லை. ஆனால் காலையில் விறகு பொறுக்கப் போய் இருட்டிய பின்னும் வீடு திரும்பாத ஒரு மூதாட்டிக்கு, உல்லாசப் பயணமாக வந்து காட்டுப் பாதையில் கூட்டத்தை விட்டுப் பிரிந்துபோன ஓர் இளைஞனுக்கு, மலை சரிந்த இரவில் வீட்டோடு மறைந்துவிட்ட ஒரு குடும்பத்துக்கு எந்தச் சடங்கைச் செய்வது? இறந்தோர் வரிசையில் வைத்து எள்ளும் தண்ணீரும் இறைத்தால், ஒருவேளை எங்கேயோ உயிரைப் பிடித்துக்கொண்டு கிடப்பவருக்குச் செய்த துரோகமாகிவிடும். இருப்போர் வரிசையில் வைத்து இரவுதோறும் சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தால், போய்விட்ட ஜீவனுக்குச் செய்ய வேண்டிய கடன் தீராமலே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட அந்த வீட்டின் நிலைமை சாவு வீட்டின் நிலைமையைக் காட்டிலும் கொடியது என்பதை, அப்படிப்பட்ட வீட்டுத் திண்ணையில் ஓர் இரவு உட்கார்ந்திருந்தவர்கள் அறிவார்கள்.

இந்த இடைநிலையை நம் முன்னோர் கவனியாமல் விட்டுவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டு ஒருவனைப் பற்றிச் செய்தியே இல்லாமற் போனால் தர்ப்பையாலோ பலாச இலையாலோ ஓர் உருவம் சமைத்து அதற்குத் தகனம் முதலான அபரக் கிரியைகளைச் செய்துவிடலாம் என்று தர்ம சாஸ்திர நூல்கள் வழி சொல்கின்றன. அவ்வளவும் செய்து முடித்த பிறகு அவன் உயிரோடு வந்து வாசலில் நின்றால் என்ன செய்வது என்பதையும் அவை யோசித்திருக்கின்றன என்பதுதான் ஆச்சரியம்: அவனை நெய்ப் பாத்திரத்தில் அமிழ்த்தி எடுத்து, நீராட்டி, அன்று பிறந்த குழந்தையாகவே பாவித்து, ஜாதகர்மம் தொடங்கி எல்லாச் சம்ஸ்காரங்களையும் மறுபடி செய்வித்து, தன் சொந்த மனைவியையே இரண்டாம் முறை மணந்துகொள்ளச் செய்ய வேண்டுமாம். இஸ்லாமிய நியாய சாஸ்திரத்தில் மாலிக்கி மரபினர், கணவன் காணாமற்போன பெண் நான்கு ஆண்டு காத்திருந்தால் போதும் என்றனர். அந்தக் கருணையை ஏற்றுத்தான் நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாகரத்துச் சட்டம் நான்கு ஆண்டு தகவல் இல்லாமையை ஒரு காரணமாக ஒப்புக்கொண்டது. 1872-இல் ஆங்கிலேயர் இயற்றிய சாட்சியச் சட்டம் ஏழு ஆண்டு என்று வரையறுத்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய சட்டமும் அந்த ஏழு ஆண்டு வரையறையை மாற்றவில்லை.

நான்கு, ஏழு, பன்னிரண்டு என்று எண்கள் வேறுபடுகின்றன. இவற்றுக்கெல்லாம் பொதுவாக இருப்பது காலம் ஒன்றே. காலத்தைக் கடக்க விட்டு, அது கடந்த பின் ஒரு முடிவைச் செய்துகொள்ளச் சொல்கின்றன. ஆனால் காணாமற்போன அந்த முதல் இரவில், முதல் மூன்று நாளில், சாஸ்திரமும் சட்டமும் வாய் திறவாத அந்தப் பொழுதில் மனிதனால் செய்யக்கூடிய தர்மகாரியம் ஒன்றே ஒன்று உண்டு. அது எழுந்து போய்த் தேடுவது. காணாமற்போனவருக்கென்று உரிய கிரியை தேடுதலே என்றும், புரோகிதரும் பாதிரியாரும் லெப்பையும் வருவதற்கு முன்னால் அதை நடத்தி வைப்பவர்கள் தேடிப் போகும் தொண்டர்களே என்றும் நான் நம்புகிறேன். இந்த நம்பிக்கை எனக்கு எந்த நூலிலிருந்தும் வரவில்லை. நீலகிரியில் வசிப்பதனால் வந்தது.

இந்த மலையை வண்டிச் சாளரத்தின் வழியாக மட்டும் பார்த்தவர்களுக்குத் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாகத் தோன்றும். அதற்குள் ஒரு மனிதனைத் தேட வேண்டி வரும்போதுதான் அதன் இயல்பு தெரியும். இடுப்பளவு உயரத்தில் மட்டமாகக் கவாத்துச் செய்யப்பட்டுச் செடியோடு செடி கைகோத்து நிற்கும் அந்த மேற்பரப்புக்குக் கீழே, வெளிச்சம் புகாத ஒரு தாழ்ந்த உலகம் இருக்கிறது. அங்கே விழுந்து கிடப்பவரைப் பத்தடி தூரத்தில் நடப்பவர் காண முடியாது. ஆகவே கொழுந்து பறிக்கப் போவதுபோலவே நிரைக்கு ஒருவராக நின்று, வரிசை கலையாமல், கையிலுள்ள தடியால் செடியின் அடியை விலக்கிப் பார்த்துக்கொண்டே மேலேற வேண்டும். வரிசையில் மூத்தவர் ஒருவர் காணாமற்போனவரின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுவார். கூப்பிட்டவுடன் அத்தனை பேரும் அசையாமல் நிற்பார்கள். இருமலோ முனகலோ ஒரு கல் உருளும் ஓசையோ எழுகிறதா என்று கேட்டுவிட்டு, மறுபடி அடி எடுத்து வைப்பார்கள். முன்பின் கண்டிராத ஓர் ஆளின் பெயரை நாற்பது தொண்டைகள் மலையில் இப்படி மாறி மாறி அழைப்பதை நான் கேட்டிருக்கிறேன். கோயில்களில் கேட்ட நாம சங்கீர்த்தனங்களில் சில என் மனத்தை இவ்வளவு தொட்டதில்லை.

தோட்டத்தைத் தாண்டினால் சோலைக்காடு. சோலையைத் தாண்டினால் உண்ணிச்செடிப் புதர். அதற்கப்பால் கரடியும் காட்டெருமையும் நடக்கிற பள்ளம். கூடலூர்ப் பக்கமானால் யானையும் கூட. நான்கு மணிக்கே மூடுபனி இறங்கி எதிரில் நிற்பவர் முகத்தை மறைத்துவிடும். மழைக்காலத்தில் நனைந்த உடையோடு ஓர் இரவு வெளியில் கிடந்தால், அடிபடாத உடம்பும் குளிரிலேயே ஒடுங்கிப்போகும். எனவே இங்கே தேடுதல் என்பது நேரத்தோடு நடத்தும் போராட்டம். வெளியூரிலிருந்து சகல உபகரணங்களோடும் படை வரும்வரை காத்திருக்க முடியாது. ஒற்றையடிப் பாதைகளை அறிந்த தோட்டத் தொழிலாளர், தடம் பார்க்கத் தெரிந்த இருளர், குறும்பர், வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர், தீயணைப்பு வீரர், ஜீப் ஓட்டிகள் ஆகிய இவர்களே முதலில் போகிறவர்கள். மாவட்ட நிர்வாகம் மழைக்காலத்தில் அபாயம் நேரக்கூடியவை என்று 283 இடங்களைக் குறித்துவைத்து, அங்கங்கே ஊர்க்காரர்களையே முதல் நிலைப் பொறுப்பாளர்கள் என்று நியமித்துப் பயிற்சி தந்திருக்கிறது. 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சில மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் ஒரு லட்சம் தொண்டர்களுக்கு என்று விரிவாக்கிய ஆப்த மித்ரா திட்டமும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். ஆபத்தில் முதலில் வந்து சேர்பவன் பக்கத்து வீட்டுக்காரன்தான் என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டது நல்ல காரியம்.

2021 டிசம்பர் 8-ஆம் தேதி நண்பகலில் குன்னூரை அடுத்த காட்டேரிப் பக்கம் நஞ்சப்பசத்திரம் என்ற சிற்றூரின் அருகில் நடந்ததை நாடு முழுவதும் அறியும். சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த ஹெலிகாப்டர் பனிமூட்டத்தில் மரங்களிடையே விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத்தும் அவருடைய மனைவியாரும் உட்பட அதில் பதினான்கு பேர் இருந்தனர். பதின்மூவர் அன்றே மாண்டனர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-இல் பெங்களூரில் உயிர் நீத்தார். இவை சரித்திரத்தில் பதிவாகிவிட்ட செய்திகள். எனக்கு முக்கியமாகப் படுவது, சத்தம் கேட்டு ஓடிய அந்தக் கிராமத்தார் விழுந்தது யார் என்று அறியாமலே ஓடினார்கள் என்பது. தீயணைப்பு வண்டி வர வழியில்லாத அந்தச் சரிவில் குடங்களிலும் வாளிகளிலும் தண்ணீரைச் சுமந்துகொண்டு போய் ஊற்றினார்கள். எரிந்து துடித்தவர்களைத் தூக்கி வரத் தூளி வேண்டியிருந்தபோது வீட்டிலிருந்த போர்வைகளையும் கம்பளிகளையும் எடுத்துக் கொடுத்தார்கள். மார்கழியை நோக்கிக் குளிர் ஏறிக்கொண்டிருந்த மாதம் அது. தினக்கூலிக்குப் போகிறவர் வீட்டில் மாற்றுக் கம்பளி இருப்பதில்லை. அன்றிரவு என்ன போர்த்திக்கொள்வோம் என்று ஒரு கணமாவது யோசித்திருந்தால் அது தவறில்லை, யோசித்ததாகத் தெரியவில்லை. பிற்பாடு ராணுவத்தார் அந்த ஊருக்கு வந்து நன்றி சொல்லிக் கம்பளிகளை வழங்கி, ஓராண்டுக் காலத்துக்கு அதைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டனர். உரியவர்களுக்கு உரிய மரியாதை செய்யப்பட்டது என்று அப்போது மனம் நிறைந்தது.

வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய சமாரியன் கதையைக் கிறிஸ்துவ அன்பர்கள் இதற்கு ஒப்பாகச் சொல்லுவார்கள். மிக உயர்ந்த கதைதான். ஆயினும் தேடுவோருடைய தர்மம் அதைவிட ஒரு படி கடினமானது என்பது என் அபிப்பிராயம். சமாரியன் போகிற வழியில் அடிபட்டவன் கிடந்தான். கண்ணால் கண்டான், நெஞ்சு இளகிற்று. நம்முடைய இரக்கம் பெரும்பாலும் கண் வழியாகப் பிறப்பது. ரத்தத்தைப் பார்த்தால் பதறுகிறோம், அழுகுரல் காதில் விழுந்தால் நிற்கிறோம். தேடப் போகிறவனுக்கோ கண்ணுக்கு எதிரில் எதுவுமில்லை. தன் வழியை விட்டு இறங்கி, இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஒருவரை நோக்கி, எந்தத் திசை என்ற நிச்சயமும் இன்றி அவன் நடக்கிறான். காண்பதற்கு முன்பே பிறந்துவிடுகிற இந்தக் கருணையைப் பக்தி என்று சொன்னாலும் பொருந்தும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். எல்லாம் அவரவர் கர்மபலன்; போன உயிர் போக வேண்டிய நேரத்தில் போயிற்று; அதைத் துரத்திக்கொண்டு இன்னும் பத்துப் பேர் ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. கர்ம சித்தாந்தம் ஒருவன் தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ளத் தரப்பட்ட ஊன்றுகோல். அதை எடுத்து அயலானின் துன்பத்தை அளக்கத் தொடங்குகிறவன் அதைத் தவறாகப் பிடித்திருக்கிறான். எவன் எந்தப் பள்ளத்தில் எதன் பலனாக விழுந்தான் என்று அறிகிற அதிகாரம் நமக்கு இல்லை. அவன் விழுந்தான் என்று கேட்டபின் நான் என்ன செய்தேன் என்பது மட்டுமே என் கர்மக் கணக்கில் ஏறும்.

தேடுவோனிடம் இருக்க வேண்டிய முதல் குணம் தைரியம் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்குச் சத்தியம் என்று படுகிறது. இதற்கு நான் இராமாயணத்தைத் துணைக்கு அழைக்கிறேன். உலக இலக்கியத்தில் காணாமற்போன ஒருவரைத் தேடிய கதைகளில் அதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. அதிலும் தேடியவர்கள் தொலைந்தவளுக்குப் பந்துக்களுமல்லர், அவளை அறிந்தவர்களுமல்லர். சுக்கிரீவன் வானர சேனையை நாலு திசைக்கும் பிரித்து, ஒரு மாதத் தவணை கொடுத்து அனுப்புகிறான். கிழக்கே வினதன், மேற்கே சுசேணன், வடக்கே சதவலி, தெற்கே அங்கதனும் அனுமனும் ஜாம்பவானும். நாம் அனைவரும் தென்திசைப் படையையே கொண்டாடுகிறோம். சுந்தர காண்டத்தைப் பாராயணம் செய்கிறோம். மற்ற மூவரும் தவணைக்குள் திரும்பி வந்து, மலையும் குகையும் காடும் தேடினோம், காணவில்லை என்று சொல்லி நிற்பதைக் கவி சில செய்யுள்களில் முடித்துவிடுகிறான். படிக்கிற நாமும் அவர்களைக் கடந்து போய்விடுகிறோம். ஆனால் அந்த மூவரும் சொன்ன இல்லை என்ற சொல் மெய்யாக இருந்தபடியால்தான் உலகத்தின் முக்கால் பங்கு தேடலிலிருந்து கழிந்து, தெற்கு மட்டும் எஞ்சிற்று. அவர்களில் ஒருவன் சோம்பலினாலோ அச்சத்தினாலோ ஒரு பள்ளத்தாக்கை எட்டிப் பாராமலே பார்த்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால், அந்த இடத்துக்குப் பிறகு எவரும் போயிருக்க மாட்டார்கள்.

நீலகிரித் தேடுதல்களிலும் இதுவே பிரத்தியட்சமாக நிகழ்கிறது. மாலையில் எல்லாக் குழுக்களும் திரும்பி வந்து, யார் எந்தச் சரிவைப் பார்த்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று சொல்லும் நேரம் இருக்கிறதே, அதுவே தேடுதலின் உயிர்நிலை. ஓடைக்கு அந்தப் பக்கம் பனி மூடிவிட்டது, நாங்கள் இறங்கவில்லை என்று பத்துப் பேர் எதிரில் ஒப்புக்கொள்ள ஒரு தொண்டனுக்கு மனவுறுதி வேண்டும். அந்த ஒப்புதலால் மறுநாள் விடியலில் வேறொரு குழு அங்கே போகும். வெட்கத்தால் அவன் அதை மறைத்தால், வரைபடத்தில் அந்த ஓடை தேடி முடித்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். அதில் ஒருவர் கிடந்தால் அவர் கிடக்க வேண்டியதுதான். வாய்மையை எவ்வளவோ அறநூல்கள் புகழ்ந்திருக்கின்றன. ஒரு சிறு பொய் ஒரு மனிதரை உலகத்திலிருந்தே அழித்துவிடக்கூடிய இடம் இதைப்போல் வேறொன்றை நான் கண்டதில்லை. கண்டுபிடித்தவனுக்கு மாலை போடுகிறோம். கண்டுபிடிக்காமல் உண்மையைச் சொன்னவனுக்கும் அதில் பாதியாவது உரியது.

2024 ஜூலை 30-ஆம் தேதி விடியற்காலையில் எங்கள் மாவட்டத்துக்கு மேற்கே, வயநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே இருந்த மலை பெயர்ந்து வந்து புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை என்னும் ஊர்களை மண்ணோடு கலந்துவிட்டது. மாநில எல்லை என்பது காகிதத்தில் உள்ள கோடு. கூடலூர், பந்தலூர் வட்டத்து மக்களுக்கு அங்கே பெண் கொடுத்த வீடுகளும் வேலைக்குப் போன பிள்ளைகளும் உண்டு. சாலியாறே நீலகிரியில் சேரம்பாடியை ஒட்டிய இளம்பலேரி மலையில் பிறந்துதான் மலப்புறம் நோக்கி இறங்குகிறது. அந்த ஆற்றில் பல மைல் தூரம் அடித்துக்கொண்டு வரப்பட்டவர்களை நிலம்பூர்க் காடுகளிலும் போத்துகல் கரையிலும் தொண்டர்கள் நாட்கணக்கில் தேடினார்கள். பாலம் போய்விட்ட சூரல்மலையில் கயிற்றில் தொங்கியபடி ஆற்றைக் கடந்து காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த செவிலி சபீனா கூடலூர்க்காரர். அவ்வாண்டுச் சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. மதராஸ் பொறியியல் படையினர் மழையோடு மழையாக 190 அடி நீள இரும்புப் பாலத்தை ஆகஸ்ட் முதல் தேதி மாலைக்குள் கட்டி முடித்தனர். காட்டுக்குள் ஒரு பாறைக் குகையில் அகப்பட்டுக்கொண்ட பணியர் குலத்துச் சிறு குழந்தைகளை வனத்துறையினர் தேடிச் சென்று, துணியைக் கிழித்துத் தங்கள் மார்போடு கட்டிக்கொண்டு வழுக்குப் பாறையில் கயிறு பிடித்து ஏறி வந்ததை யாரால் மறக்க முடியும்?

அந்தக் குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் சில நாள் கழிந்தபின் உயிரோடு எவரும் கிடைக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் தேடினார்கள். இங்கேதான் மதத்தின் கேள்வி கூர்மையாகிறது. உயிரைக் காப்பாற்றுவதற்காகத் தேடுவது சரி. உடலைத் தேடுவதற்காக உயிருள்ளவன் ஏன் சேற்றில் இறங்க வேண்டும்? ஆத்மா அழியாதது, உடம்பு களைந்த வஸ்திரம் என்று ஓயாமல் சொல்லுகிற நாமே ஏன் அந்த வஸ்திரத்துக்காக இவ்வளவு பாடுபடுகிறோம்? நம் மரபே இதற்கு விடை வைத்திருக்கிறது. நாதியற்றுக் கிடக்கும் பிரேதத்துக்குச் சம்ஸ்காரம் செய்வது அசுவமேத யாகத்துக்கு ஒப்பான புண்ணியம் என்பது பழைய வழக்கு. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் அதை ஒரு கைங்கரியமாகவே ஏற்று நடத்தும்படி வற்புறுத்தி வந்தார். யூதர்களின் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது: பிணத்தின் தீட்டு அணுகவே கூடாத பிரதான ஆசாரியனும், எடுப்பாரில்லாத சடலத்தை வழியில் கண்டால் தன் தீட்டையும் பதவியின் தூய்மையையும் பாராமல் தானே அடக்கம் செய்தாக வேண்டுமாம். ஆசாரத்தை உயிரினும் மேலாக மதித்த இரண்டு சமயங்கள் இந்த ஒரு காரியத்தின் முன்னால் ஆசாரத்தை இறக்கி வைத்திருக்கின்றன. உடம்பு பெரிதென்று அவை கருதியதால் இப்படி விதிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு மனிதனின் முடிவை ஒருவராவது அறிந்திருக்க வேண்டும், அவன் எவராலும் பாராமல் போய்விடக் கூடாது என்பதே அதன் உட்கருத்து.

உதகைக்கு அருகில் மந்து என்னும் தங்கள் குடியிருப்புகளில் வாழும் தோடர்கள் இதை வேறொரு விதமாக உணர்ந்திருந்தார்கள். 1901-02-இல் இம்மலைக்கு வந்து ஆராய்ந்த ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேயர், அவர்கள் ஒருவருக்கு இரண்டு ஈமச் சடங்கு செய்வதை எழுதிவைத்திருக்கிறார். முதற்சடங்கில் உடல் எரிக்கப்படும். ஆனால் முடியும் எலும்புத் துண்டும் சுற்றிவைத்துக் காக்கப்பட்டு, மாதங்கள் சென்றபின் நடக்கும் இரண்டாம் சடங்கிலேதான் சாவு முற்றுப்பெறும். உறவினர் மனம் ஒரே நாளில் ஒருவரை விடுவதில்லை என்பதை அறிந்து வகுத்த முறையாக இது எனக்குத் தோன்றுகிறது. விடுவதற்கும் கையில் ஏதேனும் வேண்டியிருக்கிறது.

வயநாட்டில் அடையாளம் தெரியாத உடல்களையும் உடற்பகுதிகளையும் ஆகஸ்ட் மாதத்தில் புத்துமலையில், ஒரு தேயிலைக் கம்பெனியின் நிலத்தில், அடக்கம் செய்தனர். யார் எந்த மதம் என்று தெரியாதபடியால் இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் மூவரும் ஒவ்வொரு குழிக்கும் தத்தம் பிரார்த்தனையைச் சொன்னார்கள். கல்லில் பெயருக்குப் பதிலாக எண் பொறித்து, மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுத்துக்கொண்டு மண்ணை மூடினார்கள். சோதனை முடிவு வர வர, சில எண்களுக்குப் பெயர் கிடைத்தது. அந்தப் புத்துமலையே 2019 ஆகஸ்ட் 8-இல் சரிந்து பதினேழு உயிரைக் கொண்டுபோன இடம். அவர்களில் ஐவர் அகப்படவே இல்லை. அதே நாளில்தான் மலைக்கு இந்தப் புறம் எங்கள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரே மேகம்தான் இரண்டு பக்கமும் பெய்தது. இலங்கையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் 2014 அக்டோபர் 29-இல் புதையுண்டபோதும் பலருடைய உடல் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின் பின் தாயகம் திரும்பி, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய எங்கள் கூடலூர், கோத்தகிரிக் குடும்பங்களில் அந்தச் செய்தி கேட்டு அழுதவர்கள் உண்டு.

இனி, மிகக் கடினமான கேள்விக்கு வருகிறேன். தேடுதலை எப்போது நிறுத்துவது, அதை யார் சொல்வது?

தாயால் சொல்ல முடியாது. மனைவியால் முடியாது. போதும் என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வந்தால், தாங்களே தங்கள் மனிதரைக் கொன்றுவிட்டதாக ஆயுள் முழுவதும் மறுகுவார்கள். சொல்லாமலிருந்தாலோ தேடுதல் முடிவதேயில்லை. ஒவ்வொரு கதவுச் சத்தத்துக்கும் எழுந்துபோகும் வாழ்க்கை அவர்களுக்கு மிஞ்சும். ஆகவே அந்தச் சொல்லை வேறொருவர் சுமக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு, நான்கு ஆண்டு, ஏழு ஆண்டு என்று சாஸ்திரங்களும் சட்டங்களும் வைத்த எல்லைகளை வறட்டு விதிகள் என்று நான் ஒரு காலத்திலும் எண்ணியதில்லை. ஒரு பெண் தானாக முடிவு செய்ய வேண்டிய கொடுமையிலிருந்து அவளை விடுவிப்பதற்காக விதியின் மேல் பழியைப் போட்டுக்கொண்ட பெருங்கருணை அது. 2025 ஜனவரியில் கேரள அரசு, ஏழாண்டு காத்திராமலே, வயநாட்டில் காணாமற்போனவர்களை இறந்தவர்களாகக் கருதிச் சான்றிதழ் தர முடிவு செய்தது. சிலர் அதை நிவாரணப் பணத்துக்கான ஏற்பாடு என்று மட்டும் பார்த்தனர். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிய பிறகே முதன்முறையாக வாய்விட்டு அழ முடிந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அரசாங்கம் கடைசியில் சொல்வதை, மலையில் தேடும் குழுவின் தலைவர் ஒவ்வொரு மாலையும் சிறிய அளவில் சொல்லவேண்டியிருக்கிறது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனை ஏசுநாதர் புகழ்ந்தார். ஆனால் இருளும் பனியும் சேர்ந்த பொழுதில், செங்குத்துச் சரிவின் விளிம்பில், மேலும் ஓர் ஆளை இழக்கக்கூடிய நிலைமையில், திரும்புங்கள் என்று சொல்வதும் அந்த மேய்ப்பனுடைய அன்பின் பகுதியே. அப்படிச் சொன்னவரைக் கல் நெஞ்சர் என்று உறவினர் ஏசுவதுண்டு. அவர் பதில் பேசாமல் நின்று கேட்டுக்கொள்வார். அந்நியராக இருப்பதனாலேயே அவரால் செய்ய முடிகிற உபகாரம் அது: பழியை வாங்கிக்கொள்வது. பந்துக்கள் பக்கத்தில் இருந்து துக்கத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். அந்தப் பழியை வெளியே எடுத்துக்கொண்டு போக வெளியாள்தான் வேண்டும்.

இதற்கெல்லாம் அந்தத் தொண்டர்களுக்கு நாம் செய்வது போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தடம் பார்த்துக் கொடுக்கும் பழங்குடியினரான காவலர்களில் பலர் இன்னும் தற்காலிக ஊழியத்தில், சொற்பக் கூலியில் காலம் தள்ளுகிறார்கள். அவசரம் வந்தால் முதலில் அவர்களைக் கூப்பிடுகிறோம், படம் எடுக்கும்போது அவர்கள் பின்வரிசையில் நிற்கிறார்கள். பிணங்களைக் கண்ட இளைஞர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் பல இரவு தூங்காமல் கிடப்பதை எவரும் விசாரிப்பதில்லை. தென்திசை போன வானரர்கள் தவணை தவறி, வெறுங்கையோடு ஊர் திரும்ப மனமில்லாமல் கடற்கரையில் உண்ணா நோன்பிருந்து உயிரை விடத் துணிந்ததைக் கவிகள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். தங்களுக்குள் புலம்பிப் பேசிக்கொண்டே அவர்கள் கிடந்தார்கள். அந்தப் பேச்சில் ஜடாயுவின் பெயர் வந்தது. அது காதில் விழுந்துதான் இறகிழந்த கிழச் சம்பாதி நகர்ந்து வந்தான். பேசியிராவிட்டால் அவர்கள் அங்கேயே மடிந்திருப்பார்கள்.

பருவமழைக்கு முன்னால் எங்கள் வட்டங்களில் முதல் நிலைப் பொறுப்பாளர்களுக்குக் கயிறு முடிச்சும், முதலுதவியும், மரம் அறுக்கும் இயந்திரத்தைக் கையாளுவதும் கற்றுக் கொடுக்கிறார்கள். அந்தப் பயிற்சியோடு இன்னும் இரண்டு காரியங்கள் சேர வேண்டும். கிடைக்கவில்லை என்ற செய்தியை ஒரு வீட்டு வாசலில் நின்று எப்படிச் சொல்வது என்பதை, பல சாவுகளைக் கண்ட ஒரு மூத்த தாதியோ, கிராமத்து ஊர்க்கவுடரோ, பங்குக் குருவோ உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். தேடுதல் நின்ற ஒரு வாரத்துக்குள் அதில் போனவர்கள் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டி, சாப்பாடு போட்டு, கண்டதையும் காணாததையும் அவர்கள் வாயாலேயே பேசவிட்டுக் கேட்க வேண்டும். காணாமற்போனவரின் வீட்டார் விரும்பினால் அவர்களும் வந்து உட்காரலாம். இதற்கு அரசாணை வேண்டியதில்லை. ஹட்டி என்னும் மலைக் கிராமம் ஒவ்வொன்றிலும் கோயில் வளாகம் இருக்கிறது, தோட்டங்களில் மாதா கோயிலும் பள்ளிவாசலும் இருக்கின்றன, அடுப்பு மூட்டத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வருகிற வடகிழக்குப் பருவத்துக்கு முன்பே தொடங்கிவிடலாம்.